பிணை

நீதிமொழிகள் புத்தகத்தில் 31 அதிகாரங்கள். மாசத்துக்கு 31 நாட்கள். சில மாசங்களில் ஒன்றிரண்டு குறையும். எந்தத் தேதியோ அந்த அதிகாரம் என்று ராத்திரி ஜெபத்தில் வாசித்துவிடுவது எங்களைப் போன்ற பல கிறிஸ்தவ வீடுகளில் வழக்கம். ஞானத்தை இப்படித் தேதிவாரியாகப் பங்குபோடுவதில் ஒரு ரேஷன்கடைத்தனம் இருக்கிறது என்று இளவயசில் நான் கேலி பேசியதுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. தேதியை யாரும் மாற்ற முடியாது. வாசிக்கிறவன் தன் சௌகரியத்துக்கு ஒரு பக்கத்தைப் புரட்டிக்கொள்ள அதில் வழியில்லை. என் அப்பா வாழ்ந்த கிறிஸ்தவ வாழ்க்கை என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த வழியின்மைக்குள் நடந்ததுதான்.

பிறத்தியானுக்காகப் பிணைப்படாதே என்ற எச்சரிக்கை அந்தப் புத்தகத்தில் ஆறு இடங்களில் வருகிறது. 6, 11, 17, 20, 22, 27 ஆகிய அதிகாரங்களில். ஆகவே மாசத்தில் ஆறு ராத்திரிகள். 6ஆம் அதிகாரம் கொஞ்சம் விஸ்தாரமானது. பிணைப்பட்டு மாட்டிக்கொண்டாயானால் தூங்காதே, ஓடு, அவன் காலில் விழுந்தாவது உன்னை விடுவித்துக்கொள், வேடன் கையில் அகப்பட்ட மான் போலத் தப்பு என்கிறது. 20இல் பிணைப்பட்டவனின் சட்டையை உருவிக்கொள்ளச் சொல்கிறது. 22இல் கட்டிலே போய்விடும் என்று பயமுறுத்துகிறது. சாலொமோனின் ஞானம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த மாதிரி விஷயம்தான். வானத்தைப் பார்த்துப் பேசுகிற ஞானம் இல்லை. கடைத்தெருவில் அடிபட்டவன் பிள்ளைக்குச் சொல்கிற ஞானம். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

அப்பா சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டு ஓரத்தில், சபை நடத்திய ஒரு ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். கூட வேலைபார்த்த ஒருவர் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பார். ஆர்மோனிய சார் என்றே அவருக்குப் பெயர். 1974இல் தங்கை கல்யாணத்துக்காக ஆசிரியர்களுக்கான ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் 3,000 ரூபாய் கடன் வாங்கினார். ஜாமீன் கையெழுத்து இரண்டு பேர் போடவேண்டும். அப்பா ஒருவர். மற்றவர் வயசானவர், அடுத்த மழைக்காலத்தில் காலமாகிவிட்டார். 1975 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை ஆர்மோனிய சார் பள்ளிக்கு வரவில்லை. பம்பாய் என்றார்கள், பிலாய் என்றார்கள். அவர் மனைவியும் பிள்ளைகளும் அதற்கு முந்தின வாரமே ஊரைவிட்டுப் போயிருந்தது பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. மீதிக் கடனும் வட்டியும் அந்த ஜூன் மாசத்திலிருந்து அப்பாவின் சம்பளத்தில் பிடித்தமாயிற்று. மாசம் 40 ரூபாய். 81 மாசம். அப்போது அவர் கைக்கு வந்துகொண்டிருந்தது 300 ரூபாய்க்கும் குறைவு.

பிடித்தம் ஆரம்பித்த மாசம் 6ஆம் தேதி ராத்திரி நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரிக்கேன் விளக்கைப் பெட்டிமேல் வைத்துவிட்டு அப்பா 6ஆம் அதிகாரத்தை எடுத்தார். தங்கை வழக்கம்போலத் தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். அம்மா சுவரில் சாய்ந்து, முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா முதல் வசனத்திலிருந்து ஆரம்பித்து, மான், வேடன் எல்லாம் வாசித்து, எறும்பு, சோம்பேறிக்கும் வந்து, கடைசிவரை வாசித்து முடித்தார். முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினோம். எழுந்திருக்கும்போது அம்மா சொன்னாள்:

“இத வருசக்கணக்கா நீங்கதான வாசிச்சிய. எங்களுக்கு அர்த்தம் சொன்னதும் நீங்கதான.”

அப்பா பதில் சொல்லவில்லை. விளக்கைத் தணித்தார். 11ஆம் தேதி வந்தது. 17 வந்தது.

ஏன் கையெழுத்துப் போட்டார் என்பதை நான் அவரிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். “கேட்டாரு, போட்டேன்” என்றார். வசனம் தெரியாமல் போட்டதாகச் சொல்ல முடியாது. நண்பனை எடைபோடத் தெரியாத அப்பாவி என்றும் சொல்ல முடியாது. ஊரில் யார் எப்படி என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்தே போட்டார். அந்தச் செயலுக்குக் கிறிஸ்தவ வேதத்திலேயே நேர் எதிரான ஒரு அத்தாட்சி உண்டு என்பதை நான் கண்டுகொள்ள வருஷங்கள் ஆயின. எபிரேயருக்கு எழுதின நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில், புதிய உடன்படிக்கைக்கு இயேசுவைப் பிணையாளி என்கிறது தமிழ் வேதாகமம். நீதிமொழிகள் ஆறுமுறை விலக்கி வைத்த அதே காரியம். அதே தமிழ்ச் சொல். பவுல் பிலேமோனுக்கு எழுதின ஒரு பக்கக் கடிதத்திலும் இதுதான். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்புகிறார். அவன் உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் எழுது, நான் கொடுத்துவிடுகிறேன், இது என் சொந்தக் கையெழுத்து என்கிறார். ஜாமீன் பத்திரத்தின் பாஷை இது, வேறொன்றுமில்லை.

ஞானமும் கிருபையும் ஒரே வண்டியில் பூட்டின இரண்டு மாடுகள் என்பதுபோலத்தான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். தேவ ஞானத்தின்படி நட, அவர் கிருபை உன்னைத் தாங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டுக்குள், 40 ரூபாய் விஷயத்தில், இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஞானம் கையெழுத்துப் போடாதே என்றது. கிருபை என்பதோ கையெழுத்துப் போட்டவரின் பெயராகவே இருந்தது. இரண்டையும் சமரசப்படுத்தும் வியாக்கியானங்கள் உண்டு. அவற்றைப் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டு முற்றத்தில் ஒருநாள்கூட அவை நின்றிருக்காது.

அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலி முதலில் அடகுக்குப் போனது. பிறகு போனது மீளவே இல்லை. வாத்தியார் வீட்டு அம்மா என்று இருந்தவள் ஓலைப்பெட்டி முடைய உட்கார்ந்தாள். இது என்ன பெரிய விஷயம் என்று இன்றைக்குத் தோன்றலாம். அன்று அந்தத் தெருவில் அது விஷயம்தான். பெட்டிகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் சந்தைக்கு அனுப்புவாள், தான் போகமாட்டாள். உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கென்று கலயத்தில் போடுவது அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பழக்கம். 1977இல் ஒரு மாசம் கலயம் காலியாக இருந்தது. பிடியரிசி வாங்க வந்த பெண்களிடம் அம்மா அதைக் கவிழ்த்துக் காட்டினாள், சிரித்துக்கொண்டே. அப்பா திண்ணையில் இருந்தார். அந்தச் சிரிப்பை அவர் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

நான் 1975இல் எஸ்.எஸ்.எல்.சி. முதல் வகுப்பில் தேறினேன். பாளையங்கோட்டையில் புகுமுக வகுப்புக்கு இடம் கிடைத்தது. போகவில்லை. திருநெல்வேலியில் ஒரு அச்சகத்தில் அச்சுக்கோக்கச் சேர்ந்தேன். ஈய எழுத்துக்களைத் தலைகீழாக வாசிக்கப் பழகினேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ஜவுளிக்கடை நோட்டீஸ், டிசம்பர் பிறந்துவிட்டால் சபைகளுக்கு வாக்குத்தத்த அட்டைகள். புத்தாண்டு ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது தட்டில் குவித்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுக்கவேண்டும். அதில் உள்ள வசனம் அந்த வருஷத்துக்குக் கடவுள் உனக்குத் தருவது. டிசம்பரில் எங்கள் கேஸில் ‘கி’ தீர்ந்துவிடும். கிருபை, கிறிஸ்து, கிட்டும், கிடைக்கும் என்று அத்தனை அட்டைகளுக்கும் அந்த ஒரு எழுத்து. ஒரு பாரத்தை அச்சடித்துக் கலைத்துப் போட்டபிறகுதான் அடுத்ததைக் கோக்க முடியும். பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த அட்டைகளைக் கோத்திருக்கிறேன். பிணைப்படாதே என்று ஒரு அட்டைகூட வந்ததில்லை. கட்டில் போய்விடும் என்றும் வந்ததில்லை. தேதிக்கும் அட்டைக்கும் உள்ள வித்தியாசம் இது. அட்டையில் இருப்பது நமக்கு வேண்டியது; யாரோ முன்கூட்டியே பொறுக்கி எடுத்து வைத்தது.

அந்த அச்சகத்தில்தான் எனக்குச் சிறுபத்திரிகைகள் பரிச்சயமாயின. முந்நூறு பிரதி அச்சடிக்க ஒருவர் வருவார், காகிதத்துக்குப் பாதிப் பணம்தான் இருக்கும். அவர் கவிதைகளை நான் கோத்தேன். பிறகு அவர் கொடுத்த புத்தகங்களைப் படித்தேன். பிறகு எழுதவும் செய்தேன். ஆகவே ஆர்மோனிய சார் ஓடிப்போனதும் கிருபைதான், இல்லாவிட்டால் நீ ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாகியிருப்பாய் என்று என் தங்கை சொல்வாள். அவள் விசுவாசி. நல்ல மனசோடுதான் சொல்கிறாள். எனக்குச் சம்மதமில்லை. நடந்து முடிந்ததற்கெல்லாம் பின்னாலிருந்து கிருபை என்று முத்திரை குத்துவது ஒருவகைக் கணக்கெழுத்து. நஷ்டத்தை வரவுப் பத்தியில் எழுதி ஐந்தொகையைச் சரிக்கட்டுவது. சாட்சி சொல்லும் கூட்டங்களில் இந்தக் கணக்கெழுத்து ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது: கடனில் மூழ்கினோம், ஜெபித்தோம், இன்று சொந்த வீடு, வாசலில் ‘கிருபை இல்லம்’ என்று கிரானைட்டில். ஜெர்மனியில் போன்ஹோபர் என்ற போதகர் 1937இல் வெளியிட்ட புத்தகத்தில் மலிவான கிருபை என்று ஒன்றைச் சொல்லிக் கண்டித்தார். 1945 ஏப்ரலில் ஹிட்லரின் ஆட்கள் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதனால் அவர் அந்த வார்த்தையைச் சொன்னால் கேட்கலாம். கிரானைட் வாசல்முன் நின்றுகொண்டு நான் சொன்னால் வெறும் பொறாமையாகவும் இருக்கக்கூடும். அந்தச் சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

கடன் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். பரமண்டல ஜெபத்தைக் கோயிலில் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது குற்றங்களை மன்னியும் என்றுதான் சொல்கிறோம். ஆனால் பழைய தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 6ஐத் திறந்து பார்த்தால் அங்கே இருப்பது கடன், கடனாளி. கிரேக்க மூலத்திலும் கடன்தான். ஜெபமாக வாய்க்கு வரும்போது கடன் எப்படியோ குற்றமாகிவிட்டது. குற்றத்தை மன்னிப்பது சுலபம் என்பதால் இருக்கலாம். எனக்கு யாரும் பெரிய குற்றம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கொடுக்கவேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சின்ன வயசில் இதைக் கண்டுபிடித்த பெருமையில் அப்பாவிடம் காட்டினேன். அவர் மத்தேயுவை வாங்கிப் பார்த்தார். “தெரியும்” என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

சிமோன் வெய்ல் 1941இல் தெற்கு பிரான்சில் திராட்சை அறுவடைக் கூலியாக வேலை செய்தபோது இந்த ஜெபத்தைக் கிரேக்கத்தில் மனப்பாடம் பண்ணித் தினமும் சொல்லிவந்தாள். யூதக் குடும்பத்தில் பிறந்தவள், கிறிஸ்துவால் ஈர்க்கப்பட்டும் சபையின் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றவள். ஜெபத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவள் எழுதின விளக்கத்தில் கடனைப் பற்றிய பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம்மிடம் கடன்பட்டவர்கள் என்றால் பணம் வாங்கினவர்கள் மட்டுமில்லை என்கிறாள். நாம் பட்ட பாட்டுக்கு, செய்த நன்மைக்கு, காட்டிய அன்புக்கு உலகம் ஏதோ திருப்பித் தரவேண்டும் என்று நமக்குள் ஒரு எதிர்பார்ப்பு ஓடிக்கொண்டே இருக்கிறதே, நன்றியாகவாவது, அந்தக் கணக்கு முழுவதையும் அடித்துவிடுவதைத்தான் அந்த வாக்கியம் கேட்கிறது என்கிறாள். 81 மாசமும் அப்பா அதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்று அதைப் படித்த அன்று ராத்திரி நினைத்தேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மறுநாள் காலையில் வேறொன்று உறுத்தியது. வெய்ல் தன் கணக்கைத் தன் உடம்பில் எழுதினாள். 1943இல் 34 வயசில், இங்கிலாந்தில், சரியாகச் சாப்பிடாமல் செத்தாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அப்பா அடித்த கணக்கு அம்மாவின் கழுத்தில் இருந்தது.

தமிழில் அருள் என்று இன்னொரு சொல் இருக்கிறது. கத்தோலிக்கர்கள் அதைத்தான் சொல்வார்கள். 1995இல் வந்த பொதுமொழிபெயர்ப்பிலும் அதுதான். எங்களுக்குக் கிருபைதான் வாயில் வரும், அருள் கொஞ்சம் அந்நியம். இருந்தாலும் திருவள்ளுவர் அருளைப் பற்றிச் சொன்ன ஒன்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்காத உண்மை. அருள் அன்புக்குப் பிறந்த குழந்தைதானாம். ஆனால் அதைத் தூக்கி வளர்ப்பது பொருள் என்கிற செவிலியாம். துறவறவியலில் அருளுக்கென்று தனி அதிகாரம் இருந்தும், இதைப் பொருள்செயல்வகை அதிகாரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். வேண்டுமென்றேதான் வைத்திருப்பார் என்று எனக்குப் படுகிறது. எங்கள் வீட்டில் குழந்தையைப் பெற்றவர் அப்பா. பால் கொடுத்தவள் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தாள்.

ஆர்மோனிய சார் 1986இல் ஊருக்கு வந்தார், தன் அம்மாவின் அடக்கத்துக்கு. கல்லறைத் தோட்டத்தில் அப்பாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடினார்கள். பழைய குரல் அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தார். அப்பா நாற்காலியை எடுத்துப் போட்டார். மழை, பதனீர், யார் யார் ரிட்டயர் ஆனார்கள் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. மன்னித்துவிட்டேன் என்று அப்பா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடனை ஞாபகப்படுத்தியதாகும் என்று நினைத்தாரோ என்னவோ. அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகாமல் நிலைப்படியில் நின்றாள்.

“அந்தக் கடன் என்னாச்சுன்னு கேளுங்களேன்” என்றாள். அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார். அப்பா சாவகாசமாக, “அது தீந்துட்டு” என்றார்.

“யாரு தீத்தா?”

ஒருவரும் பேசவில்லை. அம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, “காப்பி ஆறிரும் சார், குடிங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கிருபையைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் இந்த இரண்டு வார்த்தைக் கேள்விக்குப் பதில் சொன்னவை குறைவு. காப்பி சம்பாஷணையையும் சேர்த்தால் இன்னும் குறைவு. இலவசம் என்கிறார்கள். வாங்குகிறவனுக்கு இலவசம். சிலுவையில் யாரோ தீர்த்தார் என்பதுதான் கிறிஸ்தவம் முழுவதும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் அதைப் பின்பற்றுகிறேன் என்று ஒருவர் கிளம்பும்போது, தீர்க்கிறவர்களின் பட்டியலில் அவரைக் கேட்காமலே வேறு பெயர்களும் ஏறிவிடுகின்றன. மனைவி, பிள்ளைகள், புகுமுக வகுப்பு. இயேசுவுக்கு மனைவி இல்லை. பவுலுக்கும் இல்லை. இதைக் குதர்க்கம் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அது குதர்க்கமாக இல்லை.

அப்பா 1998இல் இறந்தார். என் விஷயத்துக்கு வருகிறேன். 2004இல், அச்சகத்தில் என்னோடு வேலைபார்த்த ஒரு பையன் பழைய ஆப்செட் மிஷின் ஒன்று வாங்க வங்கிக் கடனுக்கு ஜாமீன் கேட்டான். ஈய எழுத்து காலம் முடிந்துபோய் எங்கள் தொழிலே கரைந்துகொண்டிருந்த சமயம். “அண்ணாச்சி, ஒங்களத் தவிர எனக்கு யாரு இருக்கா?” என்றான். நல்லவன், வேலைக்காரன். முடியாது என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது என் குரல் சரியாகத்தான் இருந்தது. என் மகள் அப்போது படித்துக்கொண்டிருந்தாள், அதைக் காரணம் காட்டினேன், அது உண்மையும்கூட. அவன் வேறு யாரையோ பிடித்து மிஷின் வாங்கினான், கடனைக் கட்டினான், இன்று நன்றாக இருக்கிறான். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசுவான். நான் செய்தது தப்பு என்று சாலொமோன் சொல்லமாட்டார். என் அம்மாவும் சொல்லவில்லை. அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது என்பதுதான் விஷயம். ஒருவன் ஞானத்தின்படி நடந்தான் என்பதற்குத் தூக்கம் அடையாளமானால், அப்பாவின் 81 மாசத்தை என்னவென்று சொல்வது?

அம்மா கடைசி வருஷங்களில் என்னோடு இருந்தாள். கண் மங்கிவிட்டது. ராத்திரியில் நான்தான் வாசிக்கவேண்டும். கோயிலுக்குப் போவதை நான் விட்டுப் பல காலம் ஆகியிருந்தது, அம்மாவுக்காக வாசித்தேன். பழையபடி தேதிக் கணக்குத்தான். முதல் மாசம் 11ஆம் தேதி அந்த வசனம் வந்தபோது நான் என்னையறியாமல் வேகமாகப் படித்துக் கடந்துவிட்டேன்.

“ஏன் ஓடுத?” என்றாள்.

திரும்பப் படித்தேன்.

“ஒங்கப்பா இந்த எடத்துல ஒரு நாளும் கொரலத் தாழ்த்தினது கெடையாது. வேகமாவும் படிச்சதில்ல. எல்லாத்தயும் எப்பிடிப் படிப்பாகளோ அப்பிடியேதான் படிச்சாக. நான் ஒவ்வொரு மாசமும் கவனிப்பேன், இன்னைக்காவது தாழ்த்துதாகளான்னு.”

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்தது குறை இல்லை. பெருமை என்று சொல்லவும் எனக்குத் தைரியம் போதாது. மாசம் ஆறு ராத்திரி, 81 மாசம். ஏறக்குறைய ஐந்நூறு தடவை ஒரு மனுஷர் தன்னை மூடன் என்று சொல்லும் வாக்கியத்தை, அதைக் கேட்க முழு உரிமையுள்ள ஒருத்தியின் முன்னால், நிதானமாக வாசித்திருக்கிறார். அவள் கேட்டிருக்கிறாள். மறுமாசம் முதல் தேதி கையெழுத்துப் போட்டு 40 ரூபாய் குறைவான சம்பளத்தை வாங்கிவந்து அவள் கையில் கொடுத்திருக்கிறார். அவர் அதைக் கிருபை என்று ஒருநாளும் சொன்னதில்லை. தன் செயல் ஞானத்துக்கு மேலானது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு எபிரேயர் நிருபமும் தெரியும், பிலேமோனும் தெரியும். எடுத்துக் காட்டவில்லை. வசனம் தன்னைக் குற்றப்படுத்துவதற்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். வேறு எந்த விதத்திலும் அவரை நான் பக்திமான் என்று சொல்லத் துணிந்ததில்லை. பீடி குடிப்பார், பாதி ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கத்தின்போது தூங்குவார்.

2007இல் ஆர்மோனிய சார் இறந்துபோன தகவல் வந்தது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில் இருந்திருக்கிறார். அம்மா போகவேண்டும் என்றாள். இந்த வயசில், கண்ணும் தெரியாமல், எதற்கு என்றேன். “அவுக இருந்தா போயிருப்பாக” என்றாள். இரண்டு பஸ் மாறிப் போனோம். அடக்கம் முடிந்து வரும்போது ராத்திரி ஒன்பது மணி ஆகிவிட்டது. வழி முழுவதும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு, தடவித் தடவி அடுப்படிக்குப் போனவள், அங்கிருந்தே கேட்டாள்:

“அந்தச் சாரக் கெடத்தியிருந்தது கோயில் பெஞ்சுதான?”

ஆமாம் என்றேன்.

“வீட்டுல ஒரு கட்டிலு இல்லையா?”

நான் பார்த்தவரையில் இல்லை என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அரிசிப் பானையைத் திறக்கும் சத்தம் கேட்டது.